விலையிட வல்லவர் யார்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் விற்பனை நாள் ஒன்று நடந்தது. மாணவரின் பெற்றோரும் பாட்டிமாரும் தம் கையால் செய்த பொருள்களைக் கொணர்ந்து மேசைகளில் பரப்பியிருந்தனர். கூடை, மணிமாலை, தென்னங்குருத்துத் தோரணம் எனப் பலவும் இருந்தன. கடைசி மேசையில் முதிய அம்மையார் ஒருவர் ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றை விரித்து வைத்திருந்தார். பழஞ்சேலைகளைச் சதுரம் சதுரமாக நறுக்கி, இணைத்து, முழுவதும் கையாலேயே தைத்தது அது.

"என்ன விலை அம்மா?" என்றேன்.

"நீங்களே ஒரு விலை சொல்லுங்க ஐயா. எனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

இருபது வெள்ளி என்றேன். மறுமொழி கூறாமல் மடித்துத் தந்தார். வீட்டிற்கு வந்து விளக்கொளியில் விரித்துப் பார்த்தபோதுதான் தையலை எண்ணத் தொடங்கினேன். ஒரு சாண் நீளத்தில் நாற்பதுக்கு மேல் இருந்தன. போர்வை முழுவதையும் எண்ணி முடிக்க என்னால் இயலவில்லை. எண்ணவும் இயலாத உழைப்புக்கு நான் ஒரு நொடியில் விலை கூறிவிட்டிருந்தேன்.

அன்றிரவு என் நினைவுக்கு வந்தது சிலப்பதிகாரம். ஆசிரியப் பயிற்சி பெற்ற இளைஞர்க்கு அக்காப்பியத்தை ஆண்டுதோறும் நடத்தியவன் நான். ஊழ்வினை, பத்தினியின் பெருமை, அரசியல் அறம் ஆகிய மூன்றையும் நாம் தவறாமல் கற்பிக்கிறோம். அவை நூலின் உயிர்நாடிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கதையின் புறத்தோற்றத்தை ஒருமுறை நோக்குக. ஒருவன் கைவினைப் பொருள் ஒன்றை விற்கச் சந்தைக்குப் போகிறான், அதன் விலையை அறிய முற்படுகிறான், அதனால் உயிரிழக்கிறான். கதை நிகழ்ச்சி இதுவே.

மதுரை வீதியில் நூறு பொற்கொல்லர் பின்தொடர வரும் அரண்மனைப் பொற்கொல்லனைக் கோவலன் காண்கிறான். அரசமாதேவியின் காலுக்கு ஏற்ற அணி ஒன்றற்கு விலையிட வல்லையோ என்று வினவுகிறான். இவ்வினாவின் ஆழத்தை நாம் போதிய அளவு உணர்ந்ததில்லை என்பது என் கருத்து. கைவினைக்கு விலையிட வல்லவன் அக்கைவினையை அறிந்தவனே. பொற்கொல்லன் சிலம்பைக் கையில் வாங்கி அதன் வேலைப்பாட்டைக் கூர்ந்து நோக்குகிறான். அந்நகரில் அச்சிலம்பை உண்மையாகப் பார்த்த முதல் மனிதன் அவன். பார்க்கத் தெரிந்தவனே வஞ்சகனாகவும் இருந்தான் என்பதுதான் காப்பியத்தின் கொடுமை.

பாண்டியனோ பார்க்கவே இல்லை. தேவியின் சிலம்பு முத்துப் பரல் உடையது; கண்ணகியின் சிலம்பு மாணிக்கப் பரல் உடையது. உடைத்துப் பார்த்திருந்தால் ஒரு கணத்தில் உண்மை விளங்கியிருக்கும். பொருளை நோக்காமல் பொருளைப் பற்றிய சொல்லை நம்பினான் மன்னன். கண்ணகி வந்து உடைத்துக் காட்டிய பின்னரே நீதி விளங்கிற்று. கைவினைப் பொருள் தன் உள்ளேயே தன் சான்றைச் சுமந்து நிற்கிறது. அதைத் திறந்து பார்ப்பதே திறனாய்வு.

இன்னொன்றும் கருதத்தக்கது. இந்திரவிழவூர் எடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை அடிகள் வரிசைப்படுத்துகிறார். நெசவாளர், கன்னார், தச்சர், கொல்லர், மண்ணால் உருச் செய்வோர், தையற்காரர் ஆகியோரோடு, துணியாலும் நெட்டியாலும் பல பொருள் செய்வோரும் அங்கு இடம்பெறுகின்றனர். துணித்துண்டை வைத்துப் பிழைத்தவரையும் மறவாத அந்நூல், கண்ணகியின் சிலம்பைச் செய்த கை யாருடையது எனக் கூறவில்லை. அது கதைக்கு வேண்டாமலிருக்கலாம். ஆனால் அவ்விடைவெளி இன்றுவரை நம் சந்தைகளில் தொடர்கிறது.

இக்கேடு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், லங்காஸ்டர் வட்டாரத்தில், ஆமிஷ் என்னும் கிறித்துவச் சமூகத்தார் வாழ்கின்றனர். மோட்டார் வண்டியை உடைமையாக்கிக்கொள்ளாமல் குதிரை வண்டியில் செல்லும் எளிய மக்கள். அவர்தம் பெண்டிர் தைக்கும் ஒட்டுத்துணிப் போர்வைகள் புகழ் பெற்றவை. 1971இல் நியூயார்க்கின் விட்னி கலைக்கூடத்தில் அமெரிக்கப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்சிப்படுத்தினர். பின்னர் ஆமிஷ் போர்வைகளுக்குச் சேகரிப்பாளரிடையே பெருமதிப்பு உண்டாயிற்று. ஆனால் பழம்போர்வைகள் பலவற்றைத் தைத்தவரின் பெயரை அறிந்தவர் இலர்.

அதற்கு மேலும் ஒன்று நிகழ்ந்தது. சுற்றுலாப் பயணியர் பெருகவே, லங்காஸ்டர் கடைகளில் ஆமிஷ் போர்வை என விற்கப்பட்டவற்றுள் பலவற்றில் லாவோசிலிருந்து ஏதிலியராய் வந்த மோங் இனப் பெண்களின் தையலும் கலந்திருந்தது. மோங் பெண்டிர் தமக்கென நுண்ணிய தையல் மரபு உடையவர்கள்; அவர்பால் குற்றமில்லை. வாங்கியவர் பெயருக்கு விலை கொடுத்தனர். கை மறைந்து போயிற்று. மதுரையில் சொல்லை நம்பிய மன்னனுக்கும் லங்காஸ்டரில் பெயரை நம்பிய பயணிக்கும் வேறுபாடு பெரிதன்று.

இக்காலத் தமிழ் நாவல் இவ்விடைவெளியை நிரப்பிற்றா? இருவரைக் குறிப்பிடலாம். தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953இல் வெளிவந்தது. பிறருக்கு உடை நெய்பவன் பசியால் வாடும் முரணை அந்நாவல் அழுத்தமாக உரைக்கிறது. எம்.வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' 1975இல் வந்தது. சௌராட்டிர நெசவுச் சமூகத்திற் பிறந்து, பட்டுச் சரிகை வணிகமும் செய்தவர் அவர். ஆதலின் தறி இருக்கும் வீட்டின் உட்புறம் அவர் எழுத்தில் புலனாகிறது. முன்னவர் சந்தையின் கொடுமையைக் காட்டினார். பின்னவர் தறியருகே வாழும் மனத்தைக் காட்டினார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவனுக்குக் கைத்தறிச் சேலை ஒன்று கடைக்கு வந்து சேரும் வழி விளங்கும்.

நம் மலேசியத் தமிழ் எழுத்தில், நான் படித்த அளவில், பால்மரமும் தோட்டமும் பெற்ற இடத்தைக் கைவினைஞர் பெறவில்லை. இங்கே கைவினை இல்லையா? பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே செங்கற்சூளையால் வந்தது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், நகரைக் கல்லால் கட்ட அங்கே மண் பிசைந்தனர். தை பிறக்கும் முன் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் கிள்ளான் தெங்கு கிள்ளானா சாலையிலும் மண்பானைகள் அடுக்கப்படுகின்றன. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் இன்றும் சக்கரம் சுழற்றும் தமிழர் உள்ளனர். பூத்தொடுப்போர், காவடி கட்டுவோர், தோரணம் பின்னுவோர் நம் கண்ணெதிரே இருக்கின்றனர்.

பாத்திக்கும் சொங்கேட்டும் போன்ற நாட்டுக் கைவினைகளை வளர்க்க 1979இல் அரசு ஒரு கழகத்தை அமைத்தது. அது போற்றத்தக்கது. ஆனால் நம் குயவரின் பானைக்கு நாம் செய்தது யாது? பொங்கலின் சிறப்பைப் பற்றி மாணவனுக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கும் நாமே, அன்று மாலை பானைக்கடையில் இரண்டு வெள்ளி குறைக்கச் சொல்லி வாதாடுகிறோம். பேரங்காடியில் குறித்த விலையை மறுபேச்சின்றிச் செலுத்துகிறோம். இயந்திரம் இட்ட விலைக்குத் தலைவணங்கும் நாம், கை இட்ட விலையை மட்டும் ஐயுறுகிறோம்.

அடுத்த வாரம் அம்மாணவனை அழைத்துக்கொண்டு அவன் பாட்டியின் வீட்டிற்குச் சென்றேன். மேலும் நூறு வெள்ளி கொடுத்தேன். நெடுநேரம் மறுத்து, ஐம்பதை மட்டும் எடுத்துக்கொண்டார். பின்னர் போர்வையை மடியில் விரித்து, ஒவ்வொரு சதுரமும் யாருடைய சேலை என்று சொல்லத் தொடங்கினார். நீலம் அவர் தாயுடையது. பால்மரம் சீவப் போகையில் உடுத்தியது. மஞ்சள் அவர் தங்கையுடையது. பச்சைச் சதுரத்தின் மேல் விரலை வைத்தவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததற்குச் சென்றார். நானும் கேட்கவில்லை.

இப்போது அப்போர்வை எங்கள் பள்ளி நூலகச் சுவரில் இருக்கிறது. அதன் கீழே ஓர் அட்டையில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கண்ணகியின் கதையைச் சொல்லும் நாளில் அவர்களை அதன் முன் நிறுத்தித் தையலை எண்ணச் சொல்கிறேன். சிலர் பாதியில் விட்டுவிடுகின்றனர். சிலர் மணி அடித்த பின்னும் நின்று எண்ணுகின்றனர். ஆசிரிய நண்பர்கள் தத்தம் பள்ளியிலும் இதனைச் செய்து பார்க்கலாம். முதலில் எண்ணக் கற்பிப்போம். விலை பேசுவதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.