மாமத யானையும் மந்தி எலும்பும்

பெருவிலங்கு வேட்டைதான் மனிதனை மனிதனாக்கியது என்ற பேச்சு மறுபடியும் எடுபடுகிறது. உணவுமுறைப் புத்தகங்கள் தொடங்கி மானுடவியல் மேடைகள் வரை, மாமத யானையை வளைத்து நிற்கும் ஈட்டிக்காரர்கள்தான் ஆதி மனிதருக்கு அடையாளம். விலங்கெலும்பு ஆய்வு அரும்பாடுபட்டுச் சேர்த்த அறிவில் பாதியை இந்தப் பேச்சு கண்டுகொள்வதே இல்லை.

பழைய கதை நமக்குத் தெரிந்ததுதான். தென்னாப்பிரிக்காவின் மகபன்ஸ்காட் குகையில் கிடைத்த எலும்புகளை உடற்கூற்றியலாளர் ரேமண்ட் டார்ட் ஆதி மனிதரின் கொலைக்கருவிகளாகக் கண்டார். மேற்கை எலும்பின் கீழ்முனைகள் குவிந்து கிடக்க, மேல்முனைகள் அரிதாக இருந்தன. ஆகவே தண்டாயுதத்துக்குப் பொறுக்கி எடுத்தவை என்றார். எழுத்தாளர் ராபர்ட் ஆர்ட்ரி 1961இல் அதை இரத்தக் காவியமாக்கி உலகெங்கும் விற்றார்.

அதை உடைத்தவர் தொல்லுயிரியலாளர் சி. கே. பிரெய்ன். நமீபியாவின் குய்செப் ஆற்றங்கரைக் குடியிருப்புகளில், மக்கள் தின்று நாய்கள் மென்ற ஆட்டெலும்புகளை அவர் பொறுக்கி எண்ணினார். அங்கும் கீழ்முனைகளே மிஞ்சியிருந்தன. மேல்முனை மென்மையானது, பல்லுக்கு எளிதில் இரையாகும், கீழ்முனை கெட்டியானது. விஷயம் அவ்வளவுதான். தென்னாப்பிரிக்காவின் ஸ்வார்ட்கிரான்ஸ் குகையில் கிடைத்த ஓர் இளம் ஆதிமனித மண்டையோட்டின் இரண்டு துளைகளில் சிறுத்தையின் கோரைப்பற்கள் கச்சிதமாகப் பொருந்தின. நாம் வேடரா, வேட்டைப்பொருளா என்று அவர் 1981இல் நூலாகவே எழுப்பிய கேள்விக்கு இணையான அறிவு நேர்மையை இத்துறையில் நான் அதிகம் கண்டதில்லை.

அதே ஆண்டில், ஆதி மனிதர் வேடரல்ல, எச்சில் இறைச்சி பொறுக்கியவர்களே என்ற வாதத்துடன் தொல்லியலாளர் லூயிஸ் பின்ஃபோர்டும் களமிறங்கினார். தான்சானியாவின் ஓல்டுவாய் எலும்புகளில் மனிதரின் வெட்டுத்தடம் முந்தியதா, விலங்கின் பற்தடம் முந்தியதா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் நீண்டது. பயனுள்ள வழக்குதான். ஆனால் வேட்டையா, எச்சில் இறைச்சியா என்று இரு தரப்பும் வாதிட்டது பெருவிலங்கைப் பற்றி மட்டுமே.

இந்தக் குறுகலை உடைத்த சான்று இலங்கையின் மழைக்காட்டிலிருந்து வந்தது. தொல்லியலாளர் சிரான் தெரணியகல பல ஆண்டுகள் உழைத்து அந்நாட்டுக் குகைகளைத் தொல்லியல் வரைபடத்தில் ஏற்றினார். உலக ஆய்வாளர்கள் அவரைப் போதிய அளவு படிக்கவில்லை. அக்குகைகளில் ஒன்றான பாகியன்கலவின் எலும்புகளை ஓஷான் வேதகேயும் சகாக்களும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்தவர்கள் மந்திகளையும் குரங்குகளையும் மலையணில்களையும் குறிவைத்து வேட்டையாடியிருக்கிறார்கள். கைக்கு எளிதாகச் சிக்கும் குட்டிகள் அல்ல, பெரும்பாலும் வளர்ந்த விலங்குகள். உயரக் கிளைகளில் தாவித் திரியும் வளர்ந்த மந்தியை வீழ்த்தப் பொறுமை வேண்டும், காட்டறிவு வேண்டும், தொலைவில் தாக்கும் கருவியும் வேண்டும். அந்தக் கருவியும் அங்கேயே கிடைத்தது: குரங்கின் நீளெலும்பைச் சீவித் தேய்த்துக் கூராக்கிய முனைகள். அடுத்த ஆண்டு வந்த ஆய்வு அவற்றில் சிலவற்றை அம்புமுனைகள் என்றது. கொன்ற விலங்கின் எலும்பே அடுத்த வேட்டைக்கு ஆயுதமாகியிருக்கிறது. மழைக்காடு மனிதருக்குத் தடைச்சுவர் என்று எண்பதுகளில் பிடிவாதமாக வாதிட்டவர்களுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை.

இவ்வெலும்புகள் விரற்கடை அளவானவை. அகன்ற கண் சல்லடையில் மண்ணோடு நழுவிவிடும். நுண்சல்லடையில் நீர்விட்டு அலசினால்தான் தங்கும். பழைய அகழாய்வுகளில் பெருவிலங்குகளே நிறைந்திருப்பதற்குச் சல்லடையும் ஒரு காரணம். மாமத யானையைக் காட்டி மனித வரலாற்றை எழுதுபவர்கள், தங்கள் சான்றுகள் எந்தச் சல்லடையில் தங்கியவை என்பதை முதலில் சொல்லட்டும். அருங்காட்சியகங்களில் ‘இனங்காண முடியாத துண்டுகள்’ என்று கட்டி வைத்திருக்கும் பைகளைப் பிரித்துப் படிக்க ஆளும் பணமும் ஒதுக்கட்டும்.