ஹிரோஷிமா: கணக்கும் மனிதரும்

ஜோன் ஹேர்சியின் 'ஹிரோஷிமா' 1946 ஓகஸ்ட் 31 ஆம் திகதிய நியூயோர்க்கர் இதழை முழுவதுமாய் நிறைத்து வெளிவந்தது. அணுகுண்டுக்குத் தப்பிய அறுவரின் கதை அது.

யுத்த அமைச்சராயிருந்த ஸ்டிம்சன் 1947 இல் குண்டுவீச்சுக்கு நியாயம் எழுதினார்: யப்பான்மீது படையெடுத்திருப்பின் அமெரிக்கப் படையில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ இருப்பர் என்றார். ஆனால், குண்டின்றியும் 1945 முடியுமுன் யப்பான் சரணடைந்திருக்கும் என அமெரிக்க அரசின் ஆய்வுக்குழுவே 1946 இல் கூறிவிட்டது. நிகழாத மரணங்களைக் காட்டி நிகழ்ந்த கொலைகளை நியாயப்படுத்துவதை நாம் ஏற்பதற்கில்லை.

இக்கணக்கின் எதிரே இன்றும் நிற்கும் ஆறு மனிதரே ஹேர்சியின் வெற்றி. ஆயினும், ஆணையிட்டோரை விசாரிக்கவேண்டுமென நூலில் ஒரு வைத்தியர் குமுறும்போது, ஹேர்சி அக்கேள்வியைத் தொடராது விடுகிறார். இரக்கம் விசாரணையாக வளராவிடில், மனிதர் செய்த குற்றம் பூகம்பம்போல் இயற்கை அனர்த்தமாகிவிடும்.