தவில்காரரின் காது யாரிடம்?

விருதுநகர், சிவகாசிப் பக்கம் அம்மன் கோயில் பொங்கலுக்கு நையாண்டி மேளம் வந்தால் தவில்காரர் ஓரிடத்தில் நிற்பதில்லை. குனிகிறார், சுழல்கிறார், கரகக்காரரை நெருங்கி வந்து மடக்குகிறார். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்துவிட்ட இந்தக் காலத்தில், ‘வித்தைதான் மிச்சம், வாசிப்பு போச்சு’ என்ற குறையும் சேர்ந்தே எழுகிறது. உடம்பு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். காது யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் வாசிப்பை எடைபோட வேண்டும் என்பது என் கட்சி.

நையாண்டி மேளத்தில் ஆட்டத்துக்குப் பதில் சொல்வதே தவிலின் முதல் வேலை. ஆடுகிறவர் அடவு மாற்றக் காலைத் தூக்கும்போது, வலந்தலையில் கூடு மாட்டிய விரல்கள் சொல்லைக் குறைத்து இடம் விடுகின்றன. கால் தரையில் பதியும்போது இடந்தலையில் குச்சி விழுகிறது. அந்த நேரத்தில் தவில்காரர் சுழன்றால் சுழற்சியும் வாசிப்பில் சேர்த்தி. ஆட்டக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாயனத்தை அமுக்கும் வேகத்தில் உருட்டினால், ஒரு சொல் பிசகாவிட்டாலும் அது வெறும் கைவேகம். அப்படியானால் கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது பாடகர் சும்மாதானே இருக்கிறார் என்று கேட்கலாம். அவர் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். எத்தனை கணக்குப் போட்டாலும் கடைசிக் கோர்வை பாட்டின் எடுப்பில் வந்து சேர்ந்தாக வேண்டும். மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர் மைக் இல்லாத கச்சேரிக்குப் பிடிவாதம் பிடித்ததை, பாட்டைக் காதோடு கேட்டு வாசிக்கும் ஆசையாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

வேட்டுச் சத்தத்துக்கும் மைக் செட்டுக்கும் நடுவே நுணுக்கம் யாருக்குக் கேட்கும் என்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக வெளிநாட்டு உதாரணம் ஒன்று: ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் சார்லி வாட்ஸ் 1963 முதல் 2021இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் டிரம்மர். பெரிய பெரிய ஸ்டேடியங்களில் வாசித்தவர். ஸ்நேர் அடி விழும் கணத்தில் ஹை-ஹாட்டை அடிக்காமல் விட்டுவிடுவார். அந்தச் சின்ன இடைவெளியால் ஸ்நேர் பளிச்சென்று கேட்கும். இரைச்சல் கூடக்கூட இடைவெளி இன்னும் அவசியமாகிறது. டிரம்ஸ் சிவமணி சூட்கேஸையும் தண்ணீர் கேனையும் தட்டுவதைச் சர்க்கஸ் என்று ஒதுக்குவதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு பொருளிலும் வேறு நாதம் தேடுகிறார். கூட்டத்தின் கைதட்டலைக் கேட்டு அதற்கு மறுமொழி அடிக்கிறார். நம் ஊர் தவில்காரர்களிடமும் அந்தக் காது இருக்கிறது. விழாக் கமிட்டியார் தவிலுக்கு மட்டும் மைக்கை நெருக்கி வைக்கச் சொல்லாமல், நாயனமும் ஜால்ராவும் வாசிப்பவருக்குக் கேட்கும்படி ஒரு ஸ்பீக்கரை மேளத்தின் பக்கம் திருப்பச் சொல்லட்டும்.