யூனிட் சரி, ரூபாய் தப்பு: ஒரு ஸ்மார்ட் பிளக்கின் கணக்கு

கரன்ட் பில்லைக் குறைக்கும் என்று சொல்லி விற்கிற பொருட்களில் பாதி பித்தலாட்டம். செருகினாலே பில் பாதியாகிவிடும் என்று வருகிற ‘பவர் சேவர்’ டப்பாவைப் பிரித்தால் உள்ளே ஒரு கெபாசிட்டரும் ஒரு எல்.இ.டி. விளக்கும்தான் இருக்கும். வீட்டு இணைப்புக்கு யூனிட்டை வைத்துத்தான் பில். கெபாசிட்டரால் அதில் ஒரு பைசா குறையாது.

எனர்ஜி மீட்டர் வைத்த ஸ்மார்ட் பிளக் அந்த ரகம் இல்லை. இது தானாக எதையும் மிச்சம் பிடிக்காது. சுவர் சாக்கெட்டில் இதைச் செருகி, இதன் மேல் ஃப்ரிட்ஜையோ கீசரையோ செருகினால், இப்போது எத்தனை வாட் இழுக்கிறது, இதுவரை எத்தனை யூனிட் ஓடியது என்று போனில் காட்டும். 16 ஆம்பியர் பிளக் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. நான் வாங்கியதன் பிராண்டைச் சொல்லப்போவதில்லை. கீழே நான் திட்டப்போகிற விஷயங்களில் பெரும்பாலானவை இந்த ரகத்துக்கே பொதுவானவை.

முதல் எரிச்சல் வைஃபையில். இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். ரூட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் முதல் முறை இணைப்பது தலைவலி. அடுத்தது சாக்கெட். 16 ஆம்பியர் பிளக்கின் தடித்த பின்கள் சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. பல வீடுகளில் ஃப்ரிட்ஜ் இருப்பதே அந்தச் சின்ன சாக்கெட்டில்தான். வாங்குமுன் எந்தச் சுவரில் எதைச் செருகப்போகிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் பொழுது போவதே தெரியாது. எங்கள் ஃப்ரிட்ஜ் பழசு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ. கம்ப்ரசர் ஓடும்போது 130 வாட், நின்றால் இரண்டு மூன்று வாட். ஒரு நாள் கம்ப்ரசர் சத்தமே இல்லாமல் 180 வாட் காட்டியது. ரிப்பேராகிவிட்டதோ என்று பார்த்தால், உள்ளே சேர்ந்த ஐஸை உருக்குகிற ஹீட்டர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மொத்தத்தில் நாளுக்கு 1.8 யூனிட் ஓடியது. பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் ஒரு மூலையில் பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்தது. கேஸ்கெட் ரப்பரை மாற்றியதும் 1.4-க்கு இறங்கியது. இரண்டு மாத பில்லில் அது 24 யூனிட்.

கிரைண்டர்தான் கரன்ட்டைக் குடிக்கிறது என்பது வீட்டில் அத்தையின் கட்சி. டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட். முக்கால் மணி நேரம் அரைத்தாலும் யூனிட்டில் பத்தில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். அவர் ராத்திரி ரிமோட்டில் ‘அணைத்துவிட்டு’ப் படுக்கிற செட்டாப் பாக்ஸோ விடிய விடிய 10 வாட் இழுக்கிறது. பகலும் இரவுமாக இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். போனைக் காட்டினேன். “மாப்ள, அந்தப் பொட்டி நீங்க வாங்கினது. உங்க பக்கம்தான் பேசும்” என்றார்.

கீசருக்கு மட்டும் இந்தப் பிளக் உண்மையிலேயே காசு மிச்சம் செய்கிறது. 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 2,000 வாட் கீசருக்குக் கால் மணிக்குச் சற்று மேல் ஆகும். அரை யூனிட்டும் கொஞ்சமும். அணைக்க மறந்தால் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு ஓடி, யாரும் குளிக்காத தண்ணீரை நாள் முழுக்கச் சூடாகவே வைத்திருக்கும். ஆப்பில் 20 நிமிடத்தில் தானாக அணையும்படி டைமர் போட்டதோடு அந்தச் செலவு நின்றது.

என் பெரிய புகார் ரூபாய்க் கணக்கில். ‘ஒரு யூனிட் விலை என்ன?’ என்று ஆப் கேட்கிறது. ஒரே ஒரு எண்ணை நிரப்ப ஒரே ஒரு கட்டம். தமிழ்நாட்டில் வீட்டுக்கு அப்படி ஒரு விலையே கிடையாது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு படிப்படியாக ஏறும். 2022 செப்டம்பர் கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். ஐந்நூறைத் தாண்டியவருக்கு 101 முதல் 200 வரையிலான 2.25 ரூபாய்ச் சலுகை விலை போய், அந்த நூறு யூனிட்டும் 4.50 ஆகிவிடுவதால் வருகிற அடி இது. 2024 ஜூலையில் கட்டணம் 4.83 சதவீதம் கூடியபோது இந்தப் பள்ளமும் கூடவே ஆழமானது. ஆப்பில் 5 ரூபாய் என்று போட்டுவிட்டு, கேஸ்கெட் மாற்றியதில் 120 ரூபாய் மிச்சம் என்று சந்தோஷப்படலாம். 520-ல் நின்றிருக்க வேண்டிய ரீடிங் அதனால் 496-ல் நின்றிருந்தால் மிச்சம் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

ஆப்பின் மாதம் ஒன்றாம் தேதி பிறக்கிறது. ஈபி ரீடிங் எடுப்பவர் அவர் வருகிற தேதிக்குத்தான் வருவார். இரண்டையும் நாமே நோட்டில் எழுதிப் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே விற்கிற பொருளில் இரண்டு மாதக் கணக்கையும் படிக்கட்டணத்தையும் சேர்ப்பது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை. வேடிக்கை என்னவென்றால், சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இத்தனை என்று ஓனர் ஒரே விலையில் வசூலிக்கிற வாடகை வீட்டுக்காரருக்கு ஆப்பின் கணக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

கேஸா, இண்டக்‌ஷன் அடுப்பா என்கிற கேள்விக்கும் பதில் இந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறி, சென்னையில் 868.50 ஆனபோது அந்தக் கேள்வி பல வீடுகளில் எழுந்தது. 14.2 கிலோ கேஸ் பாத்திரத்துக்குள் தருகிற சூட்டை இண்டக்‌ஷனில் தர, என் கணக்கில் 125 முதல் 140 யூனிட் வேண்டும். உங்கள் வீடு மொத்தமே 400 யூனிட்டுக்குள் அடங்கும் என்றால் அது அறுநூற்றுச் சொச்சம், இண்டக்‌ஷன் லாபம். கோடையில் ஏ.சி. ஓடி ஐந்நூறைத் தாண்டிவிட்டால், கூடுதல் யூனிட் எல்லாம் எட்டு ரூபாய்க்கு மேல், ஆயிரத்தைத் தாண்டும். அந்த மாதங்களில் கேஸே மலிவு.

ஃப்ரிட்ஜில் இதைப் போடுகிறவர்கள் ஒரு செட்டிங்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கரன்ட் போய்த் திரும்பி வந்தால் பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஆப்பில் ஒரு தேர்வு உண்டு. என்னுடையது ‘ஆஃப்’ என்ற நிலையில்தான் டப்பாவிலிருந்து வந்தது. மத்தியானம் பத்து நிமிடம் கரன்ட் போனது. வந்ததும் ஃபேன் சுற்றியது, டிவி ஓடியது, ஃப்ரிட்ஜ் மட்டும் ராத்திரி வரை அப்படியே கிடந்தது. இட்லி மாவு பொங்கி வழிந்து கீழ்த்தட்டில் காய்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை அனுப்புகிற அந்த ஆப் இதற்கு வாய் திறக்கவில்லை.

இன்னொரு குறைக்கு நிவாரணமே கிடையாது. சீலிங் ஃபேன், தண்ணீர் மோட்டார், நேராக ஒயரிங் செய்த ஸ்பிளிட் ஏ.சி. எதையும் இதில் செருக முடியாது. பில்லில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது. அதற்கு ஓசி வழி ஒன்று உண்டு. ஈபி மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். அருகில் ஒரு எண் இருக்கும், உதாரணமாக 3200. அதாவது 3,200 மினுங்கல் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனைப் போட்டு, ஒரு மினுங்கலுக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட். பழைய ஃபேனுக்கு 15 விநாடி வந்தது, 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு அடுத்த மினுங்கல் வர அரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது, 30 வாட். ஸ்டாப் வாட்ச் தவிர வேறு செலவில்லை.

ஆக, பில் 200 யூனிட்டோடு நிற்கிற வீட்டுக்கு இந்தப் பிளக் வேண்டாம். மிச்சமாவதில் பிளக்கின் விலையே தேறாது. 450-க்கும் 600-க்கும் நடுவே ஊசலாடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், அதுவும் ஒன்று போதும். ஒவ்வொரு சாதனத்திலும் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் கீசரில் நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். நடுவில் பக்கத்து ஃப்ளாட்காரர் இரவல் கேட்டால் கொடுக்கலாம். கரன்ட் போய் வந்தால் ‘ஆன்’ என்ற செட்டிங்கை மட்டும் போட்டுக் கொடுங்கள்.