'ஆய்வு ஆர்வம்', 'சமூகத் தலைமை': இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு திரேஸ்புரம்

இளங்கலை மாணவர்கள் தங்களைப் பற்றி எழுதும் அறிமுகக் குறிப்புகளைப் படிப்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. உதவித்தொகை விண்ணப்பம், கோடைக்கால ஆய்வுப் பயிற்சி, கருத்தரங்கு என்று எதற்காவது எழுதியிருப்பார்கள். நூற்றைம்பது வார்த்தைக்குள் முடிந்துவிடும். முதல் பாதி 'ஆய்வு ஆர்வம்', அடுத்த பாதி 'சமூகத் தலைமை'. இதையெல்லாம் யாரும் எழுத்தாக எண்ணி விமர்சிப்பதில்லை. விமர்சிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

படித்தவற்றின் சாயலில் நானே ஒன்று எழுதிக் காட்டுகிறேன். இது எந்தத் தனி மாணவருடையதும் அல்ல.

"நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தைச் சேர்ந்த முதல் தலைமுறைப் பட்டதாரி மாணவி. கடல்சார் பல்லுயிர்ப் பாதுகாப்பிலும் நிலைத்த வளர்ச்சியிலும் ஆர்வம் கொண்டவள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் அணித் தலைவியாகக் கடற்கரைத் தூய்மைப் பணி, விழிப்புணர்வுப் பேரணி ஆகியவற்றை முன்னின்று நடத்தியுள்ளேன். என் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுப்பதே என் லட்சியம்."

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு சோதனை செய்து பாருங்கள். திரேஸ்புரத்தை எடுத்துவிட்டுக் குளச்சல் என்றோ நாகப்பட்டினம் என்றோ போடுங்கள். வேறு ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. ஊர்ப் பெயர் ஒரு முகவரியாக மட்டும் நிற்கிறது. கடைசி வரி இன்னும் மோசம். 'திருப்பிக் கொடுப்பது' என்று அந்தத் தெருவில் யாரும் பேசுவதில்லை. "ஊருக்கு நாலு நல்லது செய்யணும்" என்பார்கள். அந்தப் பெண்ணும் வீட்டில் அப்படித்தான் சொல்வாள். விண்ணப்பத்தில் மட்டும் வேறு குரல் வந்துவிடுகிறது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது இறந்தவர்களில் ஒருவர் ரொனால்ட் மெக்நேர் என்ற கறுப்பின இயற்பியலாளர். அவர் பெயரில் அமெரிக்க அரசு ஒரு திட்டம் நடத்துகிறது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் ஏழை மாணவர்களையும், உயர்கல்வியில் குறைவாக இடம்பெற்ற சமூகத்தவரையும் முனைவர் பட்டம் வரை போகத் தயார்ப்படுத்துவது அதன் நோக்கம். இப்படிப்பட்ட இடங்களில் ஒரு மாணவர் "என் ஆய்வு இது" என்று சொல்லிக்கொள்வது சாதாரண விஷயம் இல்லை. இதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை. நம் ஊரிலும் 2021 முதல் மீன்வளம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. அந்த வழியில் வருகிறவர்களும் இனி இதே படிவங்களை நிரப்பப் போகிறார்கள்.

அதனால் என் குறை படிவம் இருப்பதில் இல்லை. அதை நிரப்பும் விதத்தில்தான்.

இந்தக் கரையைப் பொறுத்தவரை இதில் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. இங்குள்ள குளியாளியை அறிமுகம் செய்ததெல்லாம் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள். கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு, கொற்கையில் முத்துக் குளித்தவர்களைத் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, சென்னை மாகாண அரசின் முத்து, சங்குத் துறையைக் கவனித்த ஜேம்ஸ் ஹார்னெல், 1914இல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார். இங்கே கடலடியில் எடுத்த சங்கு வங்காளத்தில் வளையலாகும் வரை விரிவாக எழுதியவர் அவர். மதிக்க வேண்டிய உழைப்பு. ஆனாலும் சொன்னவர் அவர், சொல்லப்பட்டவர்கள் இவர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். கடலுக்கடியில் முத்துச்சிப்பி படியும் பாறைத் திட்டுக்குக் கரையில் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொள்ளாயிரம் பார் என்ற பெயர் அப்படியே ஆய்வறிக்கைகளுக்குள் போயிருக்கிறது. பெயர் போயிருக்கிறது. பெயர் வைத்தவன் போகவில்லை. 1961க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்து உருவாக்கிக் காட்டியது. 1977இல் இதே ஊரில் மீன்வளக் கல்லூரி வந்தது. ஆக, ஆராய்ச்சிக்குப் பஞ்சமான ஊர் இல்லை இது. திரேஸ்புரத்துப் பெண் ஒருத்தி "நான் ஆய்வு செய்கிறேன்" என்று எழுதும்போது, இத்தனை காலம் பேசப்பட்ட கரை தானே பேச வாய்க்கிறது. அந்த இடத்தில் 'நிலைத்த வளர்ச்சி' என்று எழுதிவிட்டுப் போனால், வந்த வாய்ப்பு வீண்.

சரி, அவளுக்கு எழுத என்னதான் இருக்கிறது? இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, குழாய். திரேஸ்புரம் சங்குகுளிக்குப் பேர்போன இடம். மூச்சடக்கி மூழ்கிய காலம் போய், படகில் கம்ப்ரசர் வைத்துக் குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு இறங்குவது வந்தது. பத்து மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் உள்ள அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்தது போல அது குமிழாகிறது. மூட்டு வலி, கை கால் மரத்துப்போவது, சில நேரம் பக்கவாதம். கம்ப்ரசர் காற்றை இழுக்கும் இடம் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் உள்ளே போகும். மாமாவுக்கு முழங்கால் ஏன் வலிக்கிறது என்பது இங்கே உடலியங்கியல் கேள்வி. அதே நேரத்தில் ஊர்க் கேள்வியும்கூட.

இரண்டாவது, கடல் அட்டை. 2001இல் இதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். எடுத்தால் குற்றம். பல்லுயிர்ப் பாதுகாப்பு என்று அவள் எழுதும் சொல்லுக்குப் பின்னால், அவள் தெருவில் பிழைப்பு போன வீடுகளும் இருக்கக்கூடும். தடைக்குப் பிறகு அட்டை பெருகியதா? எண்ணியது யார், எப்படி? குளிக்கிறவர்கள் பார்த்ததும் கணக்கெடுப்பும் ஒத்துப்போகின்றனவா? நேர்மையாக ஆராய்ந்தால் பதில் ஊருக்குப் பிடிக்காததாகவும் வரலாம். அந்தப் பதிலோடு அவள் மாலையில் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

இங்கேதான் அந்த இரண்டு கட்டங்கள் உடைகின்றன. கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கியது 'தலைமை' என்றும், ஆய்வகத்தில் செய்தது 'ஆய்வு' என்றும் பிரித்து எழுதச் சொல்கிறது படிவம். நாட்டு நலப்பணித் திட்டம் 1969 முதல் நடக்கிறது. ஏழு நாள் முகாமில் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பிடிக்காத ஒரு கண்டுபிடிப்பை ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொல்வதும், கேட்ட திட்டைப் பொறுத்துக்கொண்டு மறுபடி எண்ணிப் பார்ப்பதும் தலைமைதான். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இதற்கு ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. "வீட்டு விஷயத்தை எழுதினால் மாமாவைக் காட்டிக்கொடுத்தது ஆகாதா?" ஆகலாம். அதனால் மனிதர்களை எழுத வேண்டாம், கேள்வியை எழுதட்டும். "இளங்கலைப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய கேள்வி எதற்கு?" என்று கேட்கிற ஆசிரியர்களும் உண்டு. உண்மையில் 'கடல்சார் பல்லுயிர்ப் பாதுகாப்பு'தான் யாராலும் முடிக்க முடியாத பெரிய தலைப்பு. குளியாளி எத்தனை நிமிடம் கீழே இருக்கிறார், எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறார் என்று கேட்டுக் குறிப்பது சின்ன வேலை. ஒரு பருவத்தில் செய்துவிடலாம்.

அந்த அறிமுகத்தை நான் திருத்தினால் இப்படி வரும்:

"எங்கள் தெருவில் குழாய் பிடித்துச் சங்கு குளிக்கிறவர்கள் மூட்டு வலியை வயசுக் கோளாறு என்கிறார்கள். ஆழம், இருக்கும் நேரம், மேலே வரும் வேகம் மூன்றையும் குறித்து, வலியோடு சேர்த்துப் பார்க்க நினைக்கிறேன். பெயர்கள் வெளியே போகாது. கிடைத்ததை முதலில் அவர்களிடம் படித்துக் காட்டுவேன். தப்பு என்று சொன்னால் திருத்துவேன்."

நூற்றைம்பது வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. 'தலைவி' என்ற சொல்லும் வரவில்லை. ஊர்ப் பெயரைச் சொல்லாமலே ஊர் தெரிகிறது. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு இது பிடிக்குமா என்று கேட்டால், எல்லோருக்கும் பிடிக்காது. அலங்காரச் சொற்களை எதிர்பார்த்துப் பழகியவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். அந்தக் குறை மாணவர்களுடையது அல்ல, படிக்கிற நம்முடையது. அடுத்த முறை இப்படி ஒரு விண்ணப்பம் உங்கள் மேசைக்கு வந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதை அந்தக் கரையில் ஒருவரிடம் வாசித்துக் காட்டினால், அவர் "அப்படி இல்லம்மா" என்று திருத்த அதில் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது ஆய்வு. கூப்பிட்டுப் பேசுங்கள்.