ஜோடி பிரியாத எலிமென்ட்

பழைய டாட்டா, லேலண்ட் லாரிகளின் டீசல் பம்பில் உள்ள எலிமென்ட் என்பது பிளஞ்சரும் அது ஓடும் பேரலும் சேர்ந்த ஜோடி. நடுவே இடைவெளி சில மைக்ரான்தான். ரப்பர் சீல் எதுவுமின்றி அந்த நெருக்கமே அத்தனை அழுத்தத்தையும் தாங்குகிறது. உலோக வேலையில் இதைவிட அழகானது அரிது. இணைத்தே தேய்த்துப் பொருத்தியவை என்பதால் ஒன்றை மட்டும் வேறு பம்புக்கு மாற்றக் கூடாது. நாசிலும் ஊசியும் அப்படியே.

1951இல் தொடங்கிய பெங்களூர் நிறுவனமான மைக்கோ பல எஞ்சின்களுக்குப் பம்ப் செய்ததால், ஒன்றின் பம்ப் மற்றொன்றில் உட்காரக்கூடும். உட்கார்ந்தால் மட்டும் போதாது. பிளஞ்சர் விட்டம், கவர்னர், சுழலும் திசை எல்லாம் ஒத்துவர வேண்டும். டெஸ்ட் பெஞ்சில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் அளவு சமமாக இருக்க வேண்டும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறும்போது அளவு மிகுந்தால் கரும்புகை, குறைந்தால் வளைவிலேயே இழுவை போய்விடும்.