சித்தார்த்தன் கதையும் குருவருளும்

ஜெர்மானிய ஆசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே 1922-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சித்தார்த்தன்’ என்னும் புனைகதை, திருலோக சீதாராம் அவர்களின் மொழிபெயர்ப்பால் தமிழரும் அறிந்ததொன்று. இதன் தலைவன் புத்தர் அல்லன். அவர் காலத்தில் வாழ்ந்தவனாகப் படைக்கப்பட்ட ஓர் அந்தண இளைஞன். வேதம் ஓதினான், துறவிகளோடு நோற்றான், புத்தரை நேரிற் கண்டும் அவர்பால் அடைக்கலம் புகாது நீங்கினான், கமலை என்னும் கணிகையிடம் இன்பமும், காமசுவாமி என்னும் வணிகனிடம் பொருளீட்டமும் பயின்றான், ஈற்றில் வாசுதேவன் என்னும் ஓடக்காரனோடு ஆற்றங்கரையில் அமைந்தான்.

இதனைப் படித்தோர் பலர், “யானும் அவன் போல்வேன், பட்டறிவன்றி எனக்கு ஆசான் வேண்டா” என்பர். இளமையில் யானும் அங்ஙனம் கூறித் திரிந்தவனே. தீக்கை பெறுமாறு எந்தை பன்முறை வற்புறுத்தியும் இக்கதையையே விடையாகக் காட்டினேன். கதையின் முற்பகுதியை மட்டும் தம் வாழ்வோடு பொருத்திக்கொண்டோர் கூற்று அஃது. ஆசிரியரும் முற்பகுதியோடு நெடுநாள் எழுத்தை நிறுத்தி வைத்தார். தாம் பட்டறியாததை எழுத இயலாமையே அதற்குக் காரணம் என்பர்.

பிற்பகுதியிலேதான் கதை கனக்கின்றது. தாயை இழந்து வந்த சிறுவன் தந்தையை வெறுத்து ஓடத்தோடு ஓடிவிடுகின்றான். தேடிச் சென்ற சித்தார்த்தன் நகர்ப்புறத்துச் சோலை வாயிலில் செயலற்று அமர்கின்றான். பின்தொடர்ந்து வந்த வாசுதேவன் தோளைத் தொடுகின்றான். பேச்சின்றி இருவரும் மீள்கின்றனர்.

என் மகனும் ஒருநாள் சொல்லாமல் வீட்டை விட்டு நீங்கினான். இரண்டு நாள் பேருந்து நிலையத்தில் அமர்ந்திருந்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் மாலை கட்டும் முதியவர் ஒருவர் வந்து அருகில் இருந்தார், ஒன்றும் வினவவில்லை, மாலையில் என்னை வீடு சேர்த்தார். அவன் பின்னர்த் தானே மீண்டான். அது வேறு செய்தி. அதன்பின் அந்நூலை மீண்டும் எடுத்தபோதே வாசுதேவன் என் கண்ணிற்பட்டான். குருவை வேண்டாதவன் என்று யான் கொண்டாடியவன் ஒருவன் துணையாலன்றோ தேறினான்!

ஐம்புலனாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்த உயிர்க்கு, உள்நின்ற இறைவனே குருவாய் வந்து உணர்த்துவன் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரப் பொருள். சகலராகிய நமக்கு அவன் மானிட வடிவில் மறைந்தே வருவன். அற்றேல், ஓடக்காரன் ஞானாசிரியனோ எனின், அன்று. தீக்கையும் சாத்திரமும் அவன்பால் இல்லை. ஆயினும் தன்முனைப்பு ஒடுங்குதற்குப் பிறனொருவன் வேண்டும் என்னும் அளவில் ஒப்புமை தவறாது.

நூலின் முடிவோ நமக்கு உடன்பாடன்று. பந்தமும் வீடும் ஒன்றே, பிரித்துக் காண்பதே மயக்கம் என்கின்றான் சித்தார்த்தன். மகனைத் தேடி அலைந்தவன் எவனும் பாசத்தை வெறும் பார்வைப் பிழை என்னான். மலம் உள்பொருள் என்னும் நம் கொள்கையை அவ்விரண்டு நாளிற்போல யான் என்றும் உணர்ந்ததில்லை.

ஓரிடம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை. ஆற்றுநீரில் சித்தார்த்தன் தன் தந்தையின் முகத்தைக் காண்கின்றான். துறவுக்கு விடை வேண்டித் தான் இரவெல்லாம் அசையாது நின்றதையும், அவர் உறங்காது வந்து வந்து பார்த்ததையும் நினைக்கின்றான். அப்பக்கத்தை மூடிவைத்தேன். எந்தை மறைந்து அப்போது பதினோராண்டு. அவர் சொல்லிய தீக்கையை அவ்வாண்டு ஆனித் திங்களிற் பெற்றேன்.